மைக்ரோவேவில் வைத்த பிறந்தநாள் கேக்

என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திருச்சியில் என் அப்பா இறந்துபோயிருந்தார். ஊரடங்கு நேரம். இ-பாஸ் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, தம்பி தூக்கிப் பிடித்த செல்போன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றது. எழுந்து போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. சமைத்தேன், துவைத்தேன், மகளை ஆன்லைன் வகுப்புக்குத் தலைவாரி உட்கார வைத்தேன்.

"இந்த வருஷம் கேக் உண்டாம்மா?" என்று அவள் கேட்டபோது, இல்லை என்று சொன்னாலும் ஒத்துக்கொள்வாள் என்று தெரிந்தது. கணவர்தான், "கண்டிப்பா உண்டு" என்றார்.

பேக்கரிகள் மூடிக் கிடந்தன. அடுத்த தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே கேக் செய்து தருவதாக அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லியிருந்தார்கள். தி. நகரில் அவர் கணவர் வைத்திருந்த பை தைக்கும் கடை மூடியதிலிருந்து அவர் அதைத் தொடங்கியிருந்தார். என் கணவர் போன் செய்து சொல்லிவைத்தார். வாங்க நான் போனேன்.

எங்கள் தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அக்கா தகரத்தின் ஓர இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். புர்காவுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன.

"க்ளவுஸ் போட்டுகினுதாங்க செஞ்சேன். எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாம குடுங்க. பாப்பாவுக்குப் புடிக்கும்னு சார் சொன்னாரு, ரோஸ் கலர்ல பூ போட்டுகீறேன்."

"தேங்க்ஸ் அக்கா."

"உங்க அப்பா தவறிட்டாராமே. சார் சொன்னாரு."

"ஆமாக்கா."

"இதெல்லாம் முடியட்டும், ஒரு நாள் வூட்டுக்கு வரேன்" என்றார் அவர். தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேக்கைக் கண்ணாடித் தட்டுக்கு மாற்றினேன். அப்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் எதையும் சூடு பண்ணாமல் நாங்கள் வாயில் வைப்பதில்லை.

"மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷம் வெச்சிரு, சேஃப்" என்றார் கணவர்.

கிரீம் உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். வைத்தேன். பட்டனை அழுத்தினேன். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் பூக்கள் சாய்ந்தன, பிறகு ரோஸ் நிறம் ஓரமாக வழிந்து இறங்கியது. நிறுத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. அது முடிந்து சத்தம் போடும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, பூவெல்லாம் போச்சு."

"அப்பா சொன்னதுதான்டா தப்பு" என்றார் கணவர். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அவள் விரலால் தொட்டு நக்கினாள். "கேசரி மாதிரி இருக்கு. ஸ்பூன்ல சாப்பிடலாம்."

மெழுகுவர்த்தியை ஊதக் கூடாது என்றோம். அட்டையால் விசிறி அணைத்தாள். திருச்சியில் இருந்த என் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டோம். நெற்றியில் பொட்டில்லாமல் அம்மா திரையில் வந்தாள்.

"என்ன கண்ணு இது, கேக்கா கூழா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தாத்தாவுக்கும் ஒரு வாய் எடுத்து வை" என்றாள் அம்மா.

மகள் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து என் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "தாத்தா சாப்பிடலையே, நான் சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"சாப்பிடு."

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "ஆறினதும் இன்னும் நல்லா இருக்கும்மா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.