தண்ணீர் கலந்த தார்

நான் வேதியியல் படித்து முடித்த வருடம் காவிரியில் தண்ணீர் வரவில்லை. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் தரிசாகக் கிடந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரிடம் எனக்கு லேப் வேலை கிடைத்தது. லேப் என்றால் தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஊசி இறக்கிப் பார்க்கும் கருவி, ஒரு ரிஜிஸ்டர்.

எல்லாரும் அதைத் தார் என்றுதான் சொல்வார்கள். நிஜத்தில் தார் நிலக்கரியிலிருந்து வருவது. சாலைக்குப் போடுவது பிட்டுமென், கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சுவது. அஸ்பால்ட்டீன் என்கிற கனத்த கரும்பொருள் ரெசினோடும் எண்ணெயோடும் கலந்து நிற்கும். எண்ணெய் கூடினால் இளகும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எண்ணெய் போய் இறுகிவிடும். மாதிரியில் எடை வைத்த ஊசியை ஐந்து விநாடி இறங்கவிடுவேன். எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் இறங்கினால் எண்பது-நூறு கிரேடு. ஆறு, ஏழோடு நின்றால் அதைவிடக் கெட்டியான அறுபது-எழுபது.

தார் காய்ச்சும் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலைக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். நடவு இல்லாமல் போனதால் வந்தவர்கள். அதில் ஒருத்தி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மத்தியானம் சாப்பிட என் கொட்டகை நிழலுக்கு வருவாள். அவள் கணவர் துபாயில் ரோடு போடும் வேலையில் இருந்தார்.

"அங்க போடுறதும் இதே தார்தானா மேடம்?"

"அதேதான்க்கா. அந்த வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியானதா போடுவாங்க."

"அப்ப ரெண்டு பேர் மேலயும் ஒரே நாத்தம்" என்று சிரித்தாள்.

சித்திரையில் திடீரென்று மழை கொட்டியது. மூடி சரியில்லாத தார் டிரம்களுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மறுநாள் காலை மாதிரி எடுத்துச் சூடாக்கினேன். படபடவென்று தெறித்து நுரைத்தது. ரிஜிஸ்டரில் 'நீர் கலந்துள்ளது, பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி சைட் இன்ஜினியரிடம் கொண்டுபோனேன்.

"காய்ச்சினா தண்ணி ஆவியாப் போயிடும்மா. இன்னிக்கு லேயரை முடிச்சாகணும்."

"பொங்கி வெளியில வரும் சார்."

"மெதுவா சூடு பண்ணச் சொல்றேன், நீங்க போங்க."

நான் கொட்டகைக்குத் திரும்பி அடுத்த மாதிரியை எடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அலறல் கேட்டது. பாய்லர் நுரை கட்டிப் பொங்கி, வாய் வழியாகக் கொட்டியிருந்தது. விறகோடு குனிந்திருந்த அந்த அக்காவின் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே கறுப்பாகியிருந்தன. ஒருவர் அதைப் பிய்க்கப் போனார். தோலும் சேர்ந்து வந்தது. "பிய்க்காதீங்க, தண்ணி ஊத்துங்க!" என்று கத்தினேன். தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்து கால்களைக் குளிரவைத்தோம். டிப்பர் லாரியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம்.

"இது என்ன கெமிக்கல்?" என்று டாக்டர் கேட்டார்.

"பெட்ரோலியத்துல இருந்து வர்றது டாக்டர். தண்ணியில கரையாது, எண்ணெயில இளகும்."

பாரஃபின் எண்ணெய் தடவி ஊறவைத்து, இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கால் இருக்கா மேடம்?"

"இருக்குக்கா."

அதற்கப்புறம் காய்ச்சல் கண்டது. புண்ணில் சீழ் பிடித்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

கணவருக்கு லீவு கிடைத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரித்துக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். விரல் இடுக்குகளில் கறுப்பு ஏறியிருந்தது.

"பொங்கும்னு இங்க யாருக்கும் தெரியாதாங்க?"

"எனக்குத் தெரியும். இன்ஜினியர்கிட்ட சொன்னேன். எழுதியும் வச்சேன்" என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அவகிட்ட சொன்னீங்களா?"

பாய்லர் என் கொட்டகையிலிருந்து இருபது தப்படி தூரம்கூட இருக்காது.

"இல்லைங்க" என்றேன்.

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."

பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அடுத்த மாதமே துபாய் போய்விட்டதாக அவள் ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். இன்ஜினியரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். நான் அங்கேயே இன்னும் ஏழு மாதம் ஊசி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு வருமானம் இல்லை.