துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு பெட்டி

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவரை நாங்கள் ஃபோன் அக்கா என்போம். அங்கே வரும் அழைப்புகளையெல்லாம் பல வருடங்களாக எடுப்பது அவர்தான். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். "என்ன சார், இடது கண்ணு உறுத்தல் நின்னுச்சா?" என்று அவர் கேட்கும்போது, கூப்பிட்டவர் இன்னும் தன் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நான் அங்கே தரை துடைக்கிறேன். மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வயது ஓடிவிட்டது. அம்மாவும் போன பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். வெளியூரில் இருக்கும் தம்பி எப்போதாவது கூப்பிட்டு, "நல்லாருக்கியாக்கா? சரி, வெச்சிடறேன்" என்பான். "அந்த ரெண்டுக்கும் நடுவுல அவன் மூச்சுகூட விடறதில்ல" என்று அக்கா சிரிப்பார். பகலெல்லாம் வரும் அழைப்புகள்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

ஒருநாள் டாக்டர் வந்து, மருத்துவமனைக்கு வெப்சைட் வரப்போவதாகச் சொன்னார். செய்து தரும் கம்பெனி முதலில் ஒரு வரைபடம் கேட்டிருந்தது. என்னென்ன பக்கங்கள், எதன் கீழே எது என்று அதில் இருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்து டிவிக்கு ஸ்லைடு செய்பவர் அக்காதான் என்பதால் வேலை அவர் தலையில் விழுந்தது.

"ஜனங்க என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்? எல்லாத்துக்கும் ஒரு பக்கம் வெச்சிடுங்க. அப்புறம் இந்த ஃபோன் தொல்லையே இருக்காது" என்றார் டாக்டர்.

அக்கா தலையாட்டினார். டாக்டர் போன பிறகு, சிக்கலே இல்லாத ஃபோன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

வெறும் ஸ்லைடின் உச்சியில் 'முகப்பு' என்று ஒரு பெட்டி போட்டார். அதிலிருந்து கோடுகள் இறங்கின: மருத்துவர்கள், சிகிச்சைகள், முன்பதிவு, வருகைக்கு முன். பிறகு ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும், அதில் வந்த கேள்விக்கு ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை உண்டா? பெட்டி. சாப்பிட்டுவிட்டு வரலாமா? பெட்டி. பெருகப் பெருக எழுத்தெல்லாம் எறும்பாகச் சுருங்கியது. கிளைக்கு ஒரு ஸ்லைடு, ஒரு நிறம் என்று பிரித்தார்.

"என்னக்கா இது, வம்சாவளி மாதிரி இருக்கு?" என்றேன்.

"ஆமாடி, முகப்புதான் பாட்டன். எனக்கு வாய்க்காத பேரன் பேத்தியெல்லாம் இதோ, வரிசையா நிக்குது பாரு."

ஒவ்வொரு பெட்டியும் அவருக்கு ஓர் அழைப்பு குறைவு. எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு மூணை விட்டுட்டா என்னக்கா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தோணாமலா இருக்கும்? ஆனா கண்ணு வலியோட ஒருத்தர் லைன் கிடைக்காம தவிக்கணுமா, எனக்குப் பேச்சுத்துணை வேணும்கறதுக்காக?"

எல்லாவற்றையும் போட்டார். 'வருகைக்கு முன்' ஸ்லைடில், சொட்டு மருந்து விட்டால் பார்வை மங்கும், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும் என்று ஒரு பெட்டி. அதன் கீழே இன்னொன்று வரைந்தார்: 'துணைக்கு ஆள் இல்லையா?'

அப்படிப்பட்டவர்கள் கூப்பிடும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் போலும்; அக்காவும் தாழ்த்திக்கொள்வார். "வாங்க, பாத்துக்கலாம்" என்பார். மருந்து விட்ட பிறகு அவர்களைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துத் தெருவரை கூட்டிப்போய் வண்டி ஏற்றிவிடுவார்.

டாக்டர் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டே வந்து அந்தப் பெட்டியில் நின்றார். "இது எந்தப் பக்கத்துக்குப் போகுது?"

"பக்கம் இல்ல சார். ஃபோன் பண்ணச் சொல்லலாம்னு..."

"தனியா வரலாம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்மா. யாராவது விழுந்து வெச்சா யார் பொறுப்பு? எடுத்துடுங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அக்கா பெட்டியை அழித்தார். பெட்டி போனது, அதற்குப் போன கோடு போகவில்லை, வெற்றிடத்தில் தொங்கியது. டாக்டர் அதற்குள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அக்கா அந்தக் கோட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்படியே அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, நாங்கள் சாப்பிடும்போது கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். கையில் சோறு இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஒரு கோடு மட்டும் எங்கேயும் போகாம நிக்குது. அழிச்சிடட்டுமா, இல்ல பெட்டி விட்டுப்போச்சா?"

அக்கா டாக்டரின் அறைக்கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

"பெட்டி விட்டுப்போச்சும்மா. 'துணைக்கு ஆள் இல்லையா?'ன்னு போடு. கீழே பக்கம் வேணாம், ஒரு ஃபோன் நம்பர் போதும்."

"ஆஸ்பத்திரி நம்பர்தானே?"

"இல்ல. இப்ப சொல்றேன், எழுதிக்கோ." தன் சொந்த செல்போன் எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

வெப்சைட் வந்தது. டாக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்தாரா என்று தெரியாது, அவர் எதுவும் கேட்கவில்லை. மேசை ஃபோன் அடங்கிப்போனது. அக்காவை உள்ளே ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. செல்போனில் சத்தத்தை முழுதாக வைத்து, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மேல் தட்டில் வைத்திருக்கிறார். அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறுவார்.

சில நாள் அது அடிப்பதே இல்லை. நேற்றும் அப்படித்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எல்லாருக்கும் ஆள் இருக்கு போல. நல்லதுதானேடி" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.