மோட்டார் நின்ற வெளிச்சம்

நேற்று சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கி மின்விசிறி முனகத் தொடங்கியது. அண்ணாந்து பார்த்தேன். எல்இடி பல்பு, கல்லுளிமங்கன், முகம் மாறவே இல்லை. உடனே வடக்கனந்தல் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் புது வீடியோக்காரன். மிடுக்குக்குக் குறைச்சலில்லை, பையில் இருந்ததோ ஒரே ஒரு ஹாலோஜன் பல்பு. மாற்றுப் பல்பைக் கடையிலேயே மறந்துவிட்டேன். போய் எடுத்துவரவும் வழியில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நானே வரப்பு வழியாகக் காமிராவை இடுப்பில் தூக்கி வந்து சேர்ந்தவன்.

விடியற்காலை முகூர்த்தம். வயலுக்கு த்ரீபேஸ் கரண்ட் விடும் நேரம், சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடி வோல்ட்டேஜை இழுத்தன. விளக்கைப் போட்டால் அடுப்புத் தணல் போலச் சிவந்தது. அந்த விளக்குகளின் குணமே அப்படி. வோல்ட்டேஜ் கால்பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும். தின்கிற கரண்டெல்லாம் வெறும் சூடாகும். வோல்ட்டேஜ் ஏறினால் வெள்ளைவெளேரென்று எரியும், ஆனால் ஆயுசு கம்மி. காமிராவில் பெண்ணின் முகமே தெரியவில்லை.

"மோட்டாருங்கள நிறுத்துனாதாங்க படம் வரும்" என்றேன்.

பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. "மத்தவங்க நிறுத்துவாங்க. பெரிய மோட்டாரு எந்தம்பிது. கெணத்துத் தகராறுல மூணு வருசமா பேச்சே இல்ல. கல்யாணத்துக்கே வராதவன், இன்னா நிறுத்தப் போறான்?"

குனிந்த தலை நிமிராமல் பெண் சொன்னாள்: "மைக்குல சொல்லித்தான் பாருங்களேண்ணே."

தாலி மாப்பிள்ளை கைக்கு வந்ததும் தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அலறியது: "மோட்டார நிறுத்துங்க! தாலி கட்டப் போறாங்க!"

எங்கோ ஒன்று நின்றது. விளக்கு லேசாக நிமிர்ந்தது. இன்னொன்று. சிவப்பு மஞ்சளானது, அதோடு சரி. போச்சுடா என்று நினைத்த நொடியில், அடேயப்பா, பந்தல் முழுக்க வெள்ளை வெளிச்சம்!

பெண் தலையைத் தூக்கினாள். "அப்பா! சித்தப்பா நிறுத்திட்டாரு!"

கெட்டிமேளத்தையும் மீறி அந்தக் குரல் கேசட்டில் பதிந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பல்பு டப்பென்று வெடித்தது. யார் கவலைப்பட்டார்கள்? அவள் அப்பா துண்டு நழுவியது தெரியாமல் வயலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கும் கூடவே ஓட வேண்டும் போலிருந்தது.

கேசட்டில் பூஞ்சை ஏறிவிட்டது. அந்தப் பல்புகளும் போயே போய்விட்டன. எல்இடியைக் குறை சொல்லமாட்டேன். கொஞ்சம் கரண்டில் நன்றாகவே எரிகிறது. ஆனால் நமக்காக யார் மோட்டாரை நிறுத்தினாலும் அதற்குத் தெரியாது.