அம்மாவின் காலும் இன்டர்லாக் தெருவும்

கரமனையில் எங்கள் அக்ரகாரத்துக்கு இன்டர்லாக் சிமெண்டுக் கட்டை பதித்த மகான் நான்தான். தெருச் சங்கச் செயலாளர் பதவி, மற்றவர்கள் எல்லாரும் நைசாக நழுவியதால் என் தலையில் விழுந்தது. அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மழையில் சேறாகிறதென்று இரண்டு வருஷத்துக்கு முன் மண் தெருவை மூடினேன். காரின்மேல் இலை கொட்டுகிறதென்று இரண்டு மாமரங்களை வெட்டவைத்தேன். ஊரே கான்கிரீட்டாகும்போது நாம் மட்டும் காட்டுவாசிகளா என்று கூட்டத்தில் முழங்கினேன். கைகூடத் தட்டினார்கள்.

இந்தக் கோடையில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். பக்கத்து வலியசாலை அக்ரகாரத்துத் தமிழ்ப்பெண். நகரம் பெருகப் பெருகத் தரை எவ்வளவு சூடேறுகிறது என்று தெருத்தெருவாக அளக்கிறாளாம். கையில் துப்பாக்கி போல ஒரு வெப்பமானி. எதிர்வீட்டுத் தோட்டத்து மண்ணில் பிடித்தாள், நான் பதித்த கட்டையில் பிடித்தாள், முகம் சுளித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கம்மா தெனமும் உச்சி பூஜைக்கு இதுலதான் வெறுங்காலோட போறா. அதோ வரா, நீயே கேளு."

கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது எங்கள் தெரு வழக்கம். சாட்சி தானாக வந்துவிட்டதில் எனக்கு ஏக குஷி.

"அம்மா, தரை சுடறதா?"

"ஒண்ணும் சுடலையேடா. நன்னாத்தான் இருக்கு."

நான் மீசையை முறுக்காத குறை. மாணவி கருவியைக் கீழே வைத்தாள்.

"மாமிக்கு ஷுகர் உண்டோ?"

"இருவது வருஷமா இருக்கு" என்றாள் அம்மா, ஏதோ பட்டம் வாங்கியவள் போல.

"காலைக் கொஞ்சம் காட்டுங்கோ, மாமி."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சில உடைந்திருந்தன, பழையவை கறுத்திருந்தன. சர்க்கரையில் கால் மரத்துப்போகும் என்று தெரியாதவனா நான்? மாதாமாதம் மாத்திரை வாங்கி வருகிறவனே நான்தான்.

அன்று மாலையே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெருவிரல் தப்புமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்லமுடியும் என்றார் டாக்டர்.

மறுநாள் உச்சிவேளையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கினேன். கோயில் பக்கமே போகாதவன், அதனால் அந்தக் கட்டைமேல் என் வெறுங்கால் பட்டதே இல்லை. நாலு வீடு தாண்டுவதற்குள் துள்ளிக் குதித்து யார் வீட்டுப் படியிலோ ஏறிவிட்டேன். அம்மா இரண்டு கோடையாக அதே வழியில், நாள் தவறாமல், என் பேருக்கு அர்ச்சனை செய்யப் போய்வந்திருக்கிறாள்.