யானுக்குப் போய்த் திரும்பிய கைவண்டியும் நான் தடவிய எண்ணெயும்

சுங்கை லாலாங்கிலிருந்து யான் என்ற ஊருக்குச் சைக்கிளில் போகப்போகிறோம், பாதை எப்படி என்று எழுதுங்கள் என இளைஞர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் அந்தப் பாதையில் சைக்கிளில் போனதே இல்லை. கைவண்டியோடு ஒரே ஒருமுறை போனேன், நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் ஆட்சியில். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது இளைய கணக்குப்பிள்ளை. மேடு பள்ளமெல்லாம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. மறந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தோட்டத்தில் அரிசி கண்ணில் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். யானில் அறுவடை முடிந்து நெல் இருந்தது, ஆனால் உடுத்தத் துணி இல்லை என்று கேள்விப்பட்டோம். எங்கள் லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், பதினொரு குடும்பங்கள் சேர்ந்து ஒன்பது கைலி, நான்கு சேலை, வீட்டில் காய்ச்சிய சோப்பு இருபது கட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டின. கொண்டுபோக இரண்டு பேர். ஒருவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காத்தண்ணன், நாற்பது வயது, இரும்பு உடம்பு. மற்றவன், மலாய் பேசத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு நான்.

வண்டி ரப்பர் ஸ்டோருடையது. இரண்டு சக்கரம், இரும்புப் பட்டை போட்டது. முன்னால் ஏர்க்கால்களுக்கு நடுவே ஒருவர் நின்று இழுக்க வேண்டும். பின்னால் நடப்பவர் மேட்டில் தள்ள வேண்டும், இறக்கத்தில் பிரேக் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு மரக்கட்டை போய்ச் சக்கரத்தில் அழுந்தும். வெறும் மரம் இரும்பில் வழுக்கும் என்பதால், காத்தண்ணன் உலர்ந்த ரப்பர் ஷீட்டை நான்காக மடித்துக் கட்டையில் ஆணியடித்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை அக்கா ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய் கொடுத்து, "அச்சுல கீச்சுன்னா ரெண்டு சொட்டு விடுங்க கிராணி, எண்ணெ கெடைக்கிறதே கஷ்டம்லா" என்றார்.

தோக்கியோ நேரம் ஏழரைக்குக் கிளம்பினோம், இழுக்க முன்னால் காத்தண்ணன், பின்னால் நான். அதாவது சூரியனுக்கு ஆறு மணி. கடிகாரத்தைக்கூட ஜப்பான்காரன் தன் ஊர்க் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தான். பீடோங் இரண்டு மைல், அங்கிருந்து குருண் எட்டு, குவார் செம்படாக் ஐந்து, யான் ஏழு. ஆக இருபத்திரண்டு மைல், ஒன்பதரை மணி நேரம்.

வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவனல்லவா! நிற்கும் பொருள் நிற்கவே பார்க்கும், ஓடும் பொருள் ஓடவே பார்க்கும், அதற்குப் பெயர் நிலைமம், அதைத் தடுப்பது உராய்வு என்று பாடம் நடத்தினேன். காத்தண்ணன் சிரித்தார்.

"நமக்குத் தெரிஞ்சதுதான் கிராணி. வண்டிய மொத அடி நவுத்துறப்போ இடுப்பு போயிரும், அப்புறம் அதும்பாட்டுக்கு வரும். எறக்கத்துல அது நம்மள இழுத்துக்கிட்டுப் போயிரும். இதுக்கு எதுக்கு ஸ்கூலு?"

யானில் ஒரு மலாய் விவசாயி வீட்டில் தங்கினோம். ஜெராய் மலை அவர் வயலின் பின்னாலேயே நின்றது, நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, நெல்லைத்தான் பார்த்தேன். காந்தாங் என்பது அங்கே நெல் அளக்கும் மரக்கால். ஒரு கைலிக்கு ஆறு காந்தாங், ஒரு சேலைக்கு ஏழு, சோப்பு அத்தனைக்கும் சேர்த்து எட்டு. மொத்தம் தொண்ணூறு காந்தாங், மூன்று மூட்டை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரே வண்டியை முதல் தள்ளு தள்ளிவிட்டார். "பெலான்-பெலான், புக்கிட்ல கவனம்" என்று அவருக்குத் தெரிந்த தமிழையும் கலந்து சொன்னார், மெதுவாகப் போங்கள், மேட்டில் கவனம் என்று. மூட்டைகளின் மேல் விறகு அடுக்கியிருந்தோம், ஏனென்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நெல் கொண்டுபோவது குற்றம்.

குருண் ரயில் கேட்டில் ஜப்பான் காவல் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம். கயிற்றை இழுக்கும்போதெல்லாம் ரப்பர் சக்கரத்தில் உரசி ஊரைக் கூட்டியது. இந்தச் சத்தத்தோடு இறங்கினால் காவல்காரன் கண் நேராக வண்டி மேல்தான் விழும் என்று பயந்தேன். கேட்டுக்கு அரை மைல் முன்னால் காத்தண்ணன் தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கினார். நான் குப்பியைத் திறந்து, மிச்சமிருந்த எண்ணெய் முழுவதையும் பிரேக் ரப்பரில் தடவினேன். அவரிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமான காரியம், பிறகு சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று நினைத்தேன்.

எண்ணெய் பட்டால் ரப்பர் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது பால் வெட்டும் எல்லாருக்கும் தெரியும். ஷீட் காயப்போடும் இடத்தில் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாரையும் விடமாட்டார்கள். நான் தினமும் ஷீட்டை எண்ணிப் புத்தகத்தில் எழுதியவன், ஒருநாளும் கையால் தொட்டவனில்லை. தொட்டிருந்தாலும் யோசித்திருப்பேனா என்று தெரியாது.

சின்ன இறக்கத்தில் வண்டி மெதுவாகத்தான் வந்தது, சத்தமும் இல்லை. கேட்டில் குனிந்து வணங்கினோம், காவல்காரன் விறகைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

குருணைத் தாண்டி இரண்டு மைலில், வளைவோடு நீளமான இறக்கம். மணி இரண்டே முக்கால். கயிற்றை இழுத்தேன். கட்டை போய் அழுந்தியது, சக்கரம் அதன்பாட்டுக்குச் சுற்றியது. இரண்டு கையாலும் தொங்கினேன். நாலு பிக்குல், ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோ சுமை என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. "புடிங்க கிராணி! புடிங்க!" என்று காத்தண்ணன் முன்னாலிருந்து கத்தினார். நான் தடுக்கி விழுந்தேன், கயிற்றை விட்டேன். ஏர்க்காலுக்குள் மாட்டியவரால் விலக முடியாது. இருபது முப்பது அடி ஓடிப் பார்த்துவிட்டு, வண்டியைச் செம்மண் கரையில் மோதத் திருப்பினார். வண்டி நின்றது. மூட்டைகள் நிற்கவில்லை. நான் நடத்திய பாடம் அவர் காலின் மேல் விழுந்தது.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இருவர் வந்து, அவரை மூட்டையோடு மூட்டையாக ஏற்றி ஊர் சேர்த்தார்கள். ஒரு மூட்டை பிய்ந்து பாதி நெல் மண்ணோடு போயிருந்தது. ஸ்டோர் வாசலில் பெரிய கிராணி கேட்டார்: "எப்படி நடந்தது?"

பதினொரு குடும்பமும் சுற்றி நின்றது. நான் சொன்னேன்: "எறக்கத்துல அண்ணன் வேகமா இழுத்துட்டாரு."

காத்தண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

சிந்திய நெல்லை அவர் பங்கில்தான் கழித்தார்கள். முறிந்த கால் கோணலாகக் கூடியது. இனி அவரால் மேட்டு வரிசை மரங்களில் ஏறிப் பால் வெட்ட முடியாது. புல் வெட்டும் கூட்டத்தில் பாதிக் கூலிதான். எத்தனை பெரிய மனசு, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று உள்ளுக்குள் உருகினேன். ஆபீஸ் பக்கம் என்னைக் கண்டால் அந்தக் காலோடு எழுந்து நிற்பார். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, பீடோங் பாசாரில் ஒருநாள் அவரைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

"தெரியும் கிராணி," என்றார். "விழுந்து கெடக்கும்போதே தேங்கா எண்ணெ வாசம் வந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே அன்னிக்கு நீங்க சொல்லல?"

அவர் பாசாரைப் பார்த்தபடி சொன்னார்: "சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரனுங்க ஆளு புடிக்கப் போறானுங்கன்னு பேச்சு இருந்துச்சு, போனவங்க திரும்பி வர்றதில்லன்னும் சொன்னாங்க. தோட்டத்துல பேரு எழுதுறது நீங்கதானே. எனக்குப் புடிச்சிட்டுப் போற வயசுல மவன் இருந்தான்லா."

நான் அவரை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை அப்படி நினைக்கவில்லை. பட்டியலில் பழிவாங்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை, சத்தியமாக வந்ததில்லை. ஆனால் ஸ்டோர் வாசலில் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட மனிதர் வேறு எப்படி நினைப்பார்? இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: தார் போட்ட நல்ல சாலைதான் இப்போது, சைக்கிளுக்கு மூன்று மணி நேரம் தாராளம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். குருணுக்குத் தெற்கே இறக்கத்தில் சுமையோடு போனால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். பிரேக் ரப்பரில் எண்ணெய் பட்டால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். கூட வருபவருக்கு உங்களால் ஏதாவது ஆகிவிட்டால், எல்லாரும் சுற்றி நிற்கும்போதே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நான் சொல்வதற்குள், என்னைக் கண்டால் எழுந்து நிற்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது; அன்று பாசாரிலும் உட்காரச் சொல்லி நான்தான் கெஞ்சினேன், அவர் உட்காரவில்லை.