இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கூடாரம்

எத்தனையோ கோடைகாலம் யான்டினெயும் அவள் தோழி வில்லமீனும் ஒரே கூடார வண்டியில்தான் விடுமுறை முகாமுக்குப் போனார்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பெட்டி அது. விரித்தால் இரு பக்கமும் கட்டில், நடுவில் சின்னதாக ஒரு கூடம். ஒருத்தி இந்த மூலையைப் பிடித்தால் மற்றவள் அந்த மூலை. போன வருடம் வில்லமீனுக்கு அறுபது வயதுக்கு மேல் கல்யாண யோகம் அடித்தது. மாப்பிள்ளைக்குக் கூடாரம் என்றாலே ஆகாது, ஸ்பெயினில் வீடே இருக்கிறது. பழைய வண்டியை விற்றாயிற்று.

"நீயும் ஸ்பெயினுக்கு வாயேண்டி, எங்ககூடத் தங்கிக்கலாம்" என்றாள் வில்லமீன் போனில்.

"புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவுல நான் என்ன, தலகாணியா?"

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு யான்டினெ அன்று சமைக்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி, சாக்லேட் துருவலைத் தூவி, நின்றபடியே தின்றாள். எங்கள் அஸ்ஸன் நகர நீச்சல் குளத்தில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊரே அவள் சன்னலுக்கு வரும், சீட்டு வாங்கும், போய்விடும். கோடையில் கிடைக்கிற அந்தச் சில வாரங்களை நம்பித்தான் வருடத்தை ஓட்டினாள். இனி தனியாகப் போவதா, வீட்டுக்குள்ளேயே கிடப்பதா?

வசந்தம் வந்ததும் கூடார வண்டி விற்பவர்கள் எல்லாவற்றையும் புல்வெளியில் விரித்து வைப்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் காலணியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கட்டிலாகப் படுத்துப் பார்ப்பார்கள். யான்டினெயும் படுத்துப் பார்த்தாள். விற்பனையாளர் ஹார்மன் வெளியே நின்று விடாமல் பேசினார்.

"இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க. தனி ஆளு போதும். இந்தக் கயித்த இழுத்தீங்கன்னா தானா நிமிந்துக்கும்."

பொய் இல்லை. மெத்தை சுகமாக இருந்தது. சன்னலில் கொசுவலை, வெளியே இழுத்துக்கொள்ள அடுப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருடைய தயவும் இல்லாமல் நிமிர்ந்து, யாருடைய தயவும் இல்லாமல் மடங்கிப்போகிற அந்தக் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மூலையில இருக்கே, அது?"

"அது பழசு, உங்களுக்கு ஆகாது. எதிர்மூலையில ஒருத்தர் கம்பத்தப் பிடிக்கணும். இல்லாட்டி உங்க தலையிலதான் விழும்."

"அதையே குடுங்க."

"எதிர்மூலைக்கு ஆளு?"

"வருவாங்க."

ஹார்மன் உதட்டைப் பிதுக்கினார். விற்கத் தெரிந்த அளவுக்கு அந்த மனிதருக்கு முகாமைத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் ஒரு காபி குடிப்பதற்கும் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். ஆனால் முகாமில் புதிதாக வந்தவர் கம்பத்தோடு மல்லுக்கட்டினால் போதும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பார்கள். அப்புறம் பொறுக்க முடியாமல், கூப்பிடாமலே எழுந்து வருவார்கள்.

ஜூலையில் ஏரிக்கரை முகாமில் அப்படித்தான் நடந்தது. டாய்லெட் பேப்பர் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த பெரன்ட் என்பவர், சுருளைப் புல்லில் வைத்துவிட்டு எதிர்மூலையைப் பிடித்தார்.

"வீட்டுக்காரர் எங்க, வேலைன்னதும் தப்பிச்சுட்டாரா?"

"என் வாழ்க்கைக்குள்ளயே வரலைங்க. அவ்வளவு கெட்டிக்காரர்."

பெரன்டின் மனைவி ஃபெம்மி சுத்தியலோடு வந்து முளைகளை அடித்தாள். கூடாரம் நின்றதும் காபி. ஆளுக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவை மூடிவிட்டாள். மழையைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, பக்கத்துக்காரரின் நாயைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். யான்டினெ வாய் வலிக்கச் சிரித்தாள்.

"சரி, உங்கள நிம்மதியா விட்டுடறோம்" என்று எழுந்து போனார்கள்.

சொன்னபடியே விட்டுவிட்டார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தூரத்திலிருந்து கையை உயர்த்தியதோடு சரி. நின்றுவிட்ட கூடாரத்துக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதுதான் எங்கள் மரியாதை, நாசமாய்ப் போன மரியாதை. பாத்திரம் கழுவும் இடத்தில் யாராவது வருகிறவரை ஒரே கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். இரவில் எதிர்க்கட்டில் வெறுமையாகக் கிடந்தது. தனிமை அவளைத் தின்றது, அதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காலையில் முகாம் அலுவலகத்துக்குப் போனாள்.

"வேற இடம் காலி இருக்கா?"

"ஏன், அங்க ஏதாச்சும் குறையா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"குறை ஒண்ணுமில்ல. நல்ல இடம்தான்."

அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புல்வெளியைக் காட்டினாள். கூடாரத்தை இறக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. கம்பத்தை விட்டதும் அதுவே விழுந்துவிட்டது. யான்டினெ வண்டியைக் காரில் மாட்டி, யாரும் அவளைப் பார்த்திராத அந்தப் புல்வெளிக்கு ஓட்டிப்போனாள். பெட்டியைத் திறந்து துணியை இழுத்துப் போட்டு, கம்பத்தைக் கையில் எடுத்தாள். வேலியோரம் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பினார்கள். ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"புதுசா வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றாள் யான்டினெ. "இப்பத்தான் வந்தேன்."