கொஞ்சம் ஒதுங்குங்க, சியானைப் பார்க்கணும்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் விடவில்லை. அதில் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது சீனாவுக்கு டூர் போயிருக்கிறார்கள். இன்று காலை தையல் கடைக்குப் போக வேம்பாரில் பஸ் ஏறியதும், சியான் நகரத்திலிருந்து போட்டோக்கள் வந்தன. பழைய கோட்டை மதில்மேல் சைக்கிள் ஓட்டுகிறார்களாம். ஆனால் மதிலைக் காணோம். எல்லாவற்றிலும் அவர்கள் முகம்தான்.

கை தவறி ஒன்றுக்கு ஹார்ட் போட்டுவிட்டேன்.

உடனே ஜெனிட்டா எழுதினாள்: "ஏளா, இவ இன்னுமா இந்த குரூப்ல கெடக்கா? ரோஸ்லின், நீதான அட்மின்? அவளத் தூக்கு."

போனை மடியில் கவிழ்த்துவிட்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்தேன். பக்கத்து சீட் அக்கா, "என்னளா, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு டைப் செய்தேன்.

"யாரும் தூக்க வேண்டாம். நானும் உங்ககூடப் படிச்சவதான். உங்க மூஞ்சிய எல்கேஜிலேர்ந்து பாத்தாச்சு. ஏளா, கொஞ்சம் ஒதுங்குங்க, ஊரக் காட்டுங்க."

அனுப்பிவிட்டு, குரூப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். தூக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு ரோஸ்லின் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் யார் முகமும் இல்லை. ரோடு மாதிரி அகலமான மதில், கீழே வளைந்த கூரைகள், சைக்கிள் மணிச் சத்தம். "பாருளா, இதான் சியான்" என்று அவள் குரல் மட்டும்.

நான் இறங்கும் தருவைகுளம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜெனிட்டா, "பெரிய ஆளுதான்" என்று போட்டிருந்தாள். ஆமாம் என்று பதில் போட்டேன்.

நாளைக்கு பெய்ஜிங்காம். நான் குரூப்பில்தான் இருப்பேன். அங்கே என்னவெல்லாம் காட்டச் சொல்லலாம்? சொல்லுங்கள், கேட்டு வைக்கிறேன்.